பம்புக்குச் சாத்திய மாலை

வேங்கிக்கால், திருவண்ணாமலை
22.9.2025

அன்பு மகள் தென்றலுக்கு, அப்பா சகாதேவன் எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். என் முட்டி மட்டும் சுகமில்லை, அது தனிக் கட்சி. உன் உடம்பு எப்படி இருக்கிறது? அந்தமான் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

போன் இருக்கும்போது அப்பா எதற்குத் தபால் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது உன் அம்மா தமிழ்செல்வி போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறாள். "சாப்டியா, தூங்கினியா, எப்ப வரே" முடிவதற்குள் உன் தீவில் சிக்னல் போய்விடுகிறது. எனக்கு முறையே வருவதில்லை. வந்தாலும் மிஷின் பேச்சு பேச முடியாது. படகில் ஒரு நட்டு லூசு என்று நீ சொன்னால் போதும், உன் அம்மாவுக்குப் படகே முழுகிவிட்டது. ஆகையால் நீ லாட்ஜ் விலாசத்துக்கு எழுது. மோட்டார் போடுகிறவனுக்குத் தபால் வந்தால் முதலாளி குமரகுருவுக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வரும்.

ஒன்றாம் தேதி ஆயுத பூஜை. உன் பொறுப்பில் இருக்கும் மிஷினுக்குப் பொட்டு வைத்து நல்ல மாலையாகச் சாத்து. இஞ்சினுக்கு எல்லாரும் செய்வார்கள், பம்பை ஒருவனும் கண்டுகொள்ள மாட்டான். லாட்ஜில் நான் போர் மோட்டாருக்குத்தான் முதல் மாலை போடுவேன். மறுநாள் மாலையைக் குப்பையில் போட்டுவிடாதே. கால் படாத இடமாகப் பார்த்துத் தண்ணீரில் விடு. நாம் கிணற்றில் விடுவோம். உனக்கு அங்கே தண்ணீருக்கா பஞ்சம்?

விபூதிப் பொட்டலம் இதனுடன் வைத்திருக்கிறேன். பத்திரமாக இரு.

உன் அப்பா


போர்ட் பிளேர்
4.10.2025

அன்புள்ள அப்பாவுக்குத் தென்றல் எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிக்கு அம்மாவை எண்ணெய் தடவச் சொல்லுங்கள். அவள் திட்டிக்கொண்டே தடவினாலும் பலன் ஒன்றுதான்.

பூஜை ஜோராக நடந்தது. இஞ்சின் டிரைவர் இருசப்பன் அண்ணன் போளூர்க்காரர். பச்சை நைலான் கயிற்றில் நானே கட்டிய பெரிய சாமந்தி மாலையைப் பம்புக்குப் போட்டதைப் பார்த்து, "ஏம்மா, பம்புக்கே இவ்ளோ பெரிய மாலைன்னா மாப்பிள்ளைக்கு லாரில தான் கொண்டாரணும்" என்றார். நேற்று முன்தினம் காலை படகுத்துறையில் படகு நின்றபோது, நீங்கள் சொன்னபடியே மாலையைத் தண்ணீரில் விட்டேன்.

என் வேலை என்னவென்று கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, சொல்கிறேன். எங்கள் படகு சுற்றுலாப் பயணிகளைத் தீவுக்குத் தீவு கூட்டிப் போகிறது. கீழ்த்தளம் முழுக்க ஏசி. வீட்டு ஏசி சூட்டை வெளியே காற்றில் ஊதிவிடும். இங்கே அப்படி இல்லை. படகின் அடியில் இருக்கும் ஓட்டை வழியாக பம்பு கடல் தண்ணீரை இழுக்கும். அந்தத் தண்ணீர் ஏசியின் சூட்டை வாங்கிக்கொண்டு பக்கவாட்டுக் குழாய் வழியாகத் திரும்பக் கடலில் விழும். தண்ணீர் குறைந்தால் ஏசி சூடாகித் தானே நின்றுவிடும். இந்த ஏசியும் பம்பும் என் பொறுப்பு.

வருஷக் கடைசி வரை என்னைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு இஞ்சின் அறையா, கரையில் டிக்கெட் கவுண்டரா என்று கேப்டன் வேணு சார் முடிவு செய்வார். இஞ்சின் அறையில் இதற்கு முன் பெண்கள் யாரும் இருந்ததில்லை. எனக்கு இந்த இடம் வேண்டும் அப்பா.

அன்புடன்
தென்றல்


போர்ட் பிளேர்
18.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் பதில் வருவதற்கு முன்பே மறுபடி எழுதுகிறேன். அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

ஒரு வாரமாக ஏசி தகராறு செய்கிறது. போட்டவுடன் ஐஸாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டுக் குழாயில் விழும் தண்ணீர் மெலிந்துபோகிறது. அப்புறம் ஏசி டிரிப் ஆகிறது. நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் மறுபடி நன்றாக ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. நேற்று ஒரு குடும்பம் மூச்சு முட்டுகிறது என்று மேல்தளத்துக்கு ஓடிவந்து சண்டை போட்டார்கள். கேப்டன் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டினால்கூடப் பரவாயில்லை.

உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? தீபாவளிக்கு அம்மா அதிரசம் சுட்டால் என் பங்கை நீங்கள் சாப்பிடுங்கள். சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்றல்


திருவண்ணாமலை
27.10.2025

தென்றல் கண்ணுக்கு,

ஆசீர்வாதம். உன் பங்கு அதிரசமும் என் பங்கும் ஒரே வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தன. சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. டாக்டரிடம் அதிரசம் என்று சொல்லவில்லை, கவலை என்று சொன்னேன்.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். பத்தாம் வகுப்பை ரெண்டு தடவை படித்தவன் நான். எதையும் ஒரே தடவையில் படித்துப் பழக்கமில்லை. கடைசியில் நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். ஏர் லாக்! சந்தேகமே வேண்டாம். லாட்ஜ் மோட்டாரும் இப்படித்தான், வெயில் காலத்தில் இரண்டு நிமிஷம் தண்ணீர் தள்ளும், அப்புறம் வெறும் காற்றைத் தள்ளும். குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்கிவிடாமல் பிடிக்கிற ஃபுட் வால்வு லீக்காக இருக்கும். நீ ஒரு வாளித் தண்ணீரை எடுத்து பம்பின் வாயில் ஊற்று. ஊற்றி முடித்ததும் டக்கென்று மூடியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டு. இந்த வைத்தியம் செய்துதான் நான் இந்த லாட்ஜில் காலம் தள்ளுகிறேன்.

கேப்டன் பேசாமல் பார்த்தால் நீயும் பேசாமல் வேலையைப் பார். குமரகுரு சார் நாள் பூரா என்னைத் திட்டுவார். அவர் திட்டு நின்றால்தான் எனக்குப் பயம் வரும். உன் கேப்டன் ரகம் வேறு போலிருக்கிறது.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

அப்பா


ஹேவ்லாக் தீவு
7.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் வைத்தியத்தை இருசப்பன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "கடல்ல மிதக்குற படகுல, தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்குற பம்புக்கு, வாளித் தண்ணி ஊத்தணுமா? உங்கப்பா கையெழுத்த எனக்கு வாங்கிக் கொடும்மா" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே ஃபுட் வால்வே கிடையாது. வால்வைத் திறந்தால் தண்ணீர் தானாக பம்புக்குள் வந்துவிடும்.

ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கரண்ட் சரியாக இருக்கிறது. வடிகட்டியைக் கழற்றினேன். உள்ளே மஞ்சளாகக் கூழ் மாதிரி கொஞ்சம் இருந்தது. கடல் பாசி போலிருக்கிறது, கழுவிவிட்டேன். பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி வால்வைத் திறந்தேன். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி என்னைக் குளிப்பாட்டிவிட்டது. ஆக, குழாயில் அடைப்பில்லை. அப்படியானால் பம்புதான் பலவீனம் என்று கேப்டனிடம் உறுதியாகச் சொன்னேன். சென்னையிலிருந்து புதுப் பம்பு வரவழைக்கிறார்கள்.

கேப்டன் இப்போது பேசிவிட்டார். "டிசம்பர் கூட்டம் வர்றதுக்குள்ள சரி பண்ணு. இல்லைன்னா கவுண்டர்ல உக்காரு. அங்க ஏசி நல்லா ஓடுது."

தென்றல்


திருவண்ணாமலை
16.11.2025

கண்ணுக்கு,

அப்பாவும் அம்மாவும் சுகம். இருசப்பனுக்கு என் கையெழுத்து இந்தக் கடிதத்தின் அடியில் இருக்கிறது, வெட்டிக் கொடுத்துவிடு.

புதுப் பம்பு வந்ததா? மாட்டினாயா? உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததும், "அவ குரலு சரியில்ல. வேலைய வுட்டுட்டு வரச் சொல்லுங்க. போதும் கடலு" என்றாள். கடல் காற்றில் தொண்டை கட்டியிருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் உன் கேப்டன் தோற்றுப்போவார்.

வர வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வா, கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் பம்புக்காக வராதே.

சகாதேவன்


போர்ட் பிளேர்
24.11.2025

அப்பாவுக்கு,

நலம். புதுப் பம்பு மாட்டியும் அதே கதைதான். அப்புறம் அடைப்பு என்று தெரிந்து எடுத்துவிட்டோம். இப்போது ஏசி நன்றாக ஓடுகிறது. கவலைப்பட வேண்டாம்.

வேலை ஜாஸ்தி. பிறகு எழுதுகிறேன்.

தென்றல்


திருவண்ணாமலை
5.12.2025

கேப்டன் வேணு அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் படகில் வேலை செய்யும் தென்றலின் தகப்பன் சகாதேவன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் குடும்பத்தாரும் படகும் நலமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன்.

ஐயா, நான் ஒரு லாட்ஜில் மோட்டார், தண்ணீர், சாக்கடை மூன்றையும் பார்த்துக்கொள்கிறவன். நேற்று தீபக் கூட்டம் கலையும் நேரத்தில் மூன்றாம் மாடிக் குளியலறையில் தண்ணீர் போகவில்லை. கம்பி விட்டு இழுத்தேன். சாமிக்குப் போட்டுக் கொண்டுவந்த சாமந்தி மாலையை யாரோ பக்தர், கால் படக்கூடாது என்று, தண்ணீர் போகிற வழியில் போட்டிருக்கிறார். இழுத்தது மஞ்சள் கூழாக வெளியே வந்தது. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

என் மகள் வடிகட்டியில் மஞ்சள் கூழ் இருந்ததாக எழுதியிருந்தாள். ஆயுத பூஜை மாலையைத் தண்ணீரில் விடச் சொல்லி அவளுக்குக் கடிதம் எழுதியவன் நான். அவள் படகுத்துறையில் விட்டாள். உங்கள் பம்பு இழுத்துக்கொண்டது. ஓடுகிற பம்புக்குப் பக்கத்தில் போடாதே என்று ஒரு வரி சேர்த்து எழுத எனக்குப் புத்தி இல்லை. உங்களுக்குப் புதுப் பம்பு செலவு வைத்தவனும் நானே. தண்டனை எதுவானாலும் இந்த விலாசத்துக்கு அனுப்பவும். குழந்தையைக் கவுண்டரில் உட்கார வைக்க வேண்டாம்.

இப்படிக்கு, பணிவுடன்
சகாதேவன்


திருவண்ணாமலை
6.12.2025

தென்றலுக்கு,

நீ சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

மாலை விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. உன் போன கடிதம் ஏன் அவ்வளவு சின்னதாக இருந்தது என்பதும் புரிந்தது. உடனே வீரனாகி, குற்றமெல்லாம் என்னுடையது என்று உன் கேப்டனுக்கே ஸ்பீடு போஸ்டில் எழுதிப் போட்டுவிட்டேன். போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து பாதி டீ குடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. நீ இன்னும் அவரிடம் சொல்லியிருக்காவிட்டால்? மாலை யாருடையது என்று அந்தப் படகில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தால்? உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி நானே காட்டிக்கொடுத்திருக்கிறேனே!

தபாலாபீசுக்கு ஓடினேன். என் முட்டி ஓடியதை நீ பார்த்திருக்க வேண்டும். கவுண்டரில் இருந்த அம்மாவிடம், "மேடம், அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்க, தப்பா எழுதிட்டேன்" என்றேன். "பை கட்டி வண்டி ஏறிடுச்சுங்க ஐயா. இது ஸ்பீடு போஸ்ட்டு. நீங்க யோசிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்காது" என்றார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய.

கேப்டன் கைக்கு அது போவதற்குள் இது உனக்குக் கிடைத்தால், நீயே போய்ச் சொல்லிவிடு. கிடைக்காவிட்டால் என்னை மன்னித்துவிடு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ராத்திரி சோறு இறங்கவில்லை.

அப்பா


போர்ட் பிளேர்
7.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தான். இந்தத் தடவை நிஜமாகவே. போன கடிதத்தில் முழுசாக எழுதவில்லை.

புதுப் பம்பும் திணறியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பம்பை நிறுத்தினால் தண்ணீர் நன்றாக வருகிறது, போட்டால் வருவதில்லை. அப்படியானால் அடைப்பு படகுக்கு வெளியே, பம்பு இழுக்கும்போது மட்டும் வாயை மூடுகிற மாதிரி எதுவோ தொங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேப்டனிடம் சொன்னேன். முக்குளிக்கும் பாலாஜியை அடியில் இறக்கினார்கள். அவன் மேலே வரும்போது கையில் கருத்துப்போன நீளக் கயிறு. அங்கங்கே அழுகிய பூ உருண்டைகள். "கடலம்மா மாலை குடுத்தனுப்பிருக்கா, யாரு கழுத்த நீட்டுறீங்க?" என்று ஆட்டிக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். "ஹார்பர்ல எவனோ போட்ட குப்பை" என்றார் இருசப்பன் அண்ணன். கருப்புக்கு நடுவே நான் மாலை கட்டிய பச்சை நைலானைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சிரிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அப்புறம் எல்லாரும் என்னைப் பாராட்ட ஆரம்பித்தார்கள். "பொண்ணு கரெக்டா கண்டுபிடிச்சிடுச்சு" என்று பயணிகளிடமெல்லாம் சொன்னார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. உங்களுக்கும் எழுத முடியவில்லை. நீங்கள் சொல்லித்தான் போட்டேன் என்று எழுதினால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள் என்று தெரியும்.

போன திங்கட்கிழமை கேப்டன் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "அது என் மாலை சார். பழைய பம்பு நல்ல பம்பு." அவர் பேனாவை மூடி வைத்தார். "யார் கேட்டா இப்ப?" என்றார். யாரும் கேட்கவில்லை சார் என்றேன். "சரி, போ." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. இன்னும் காத்திருக்கிறேன்.

என்ன ஆனாலும் இப்போது தூக்கம் வருகிறது அப்பா.

தென்றல்


போர்ட் பிளேர்
17.12.2025

திரு. சகாதேவன் அவர்களுக்கு வணக்கம். இங்கே படகு நலம். மற்றவர்களும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் மகள் முன்பே என்னிடம் சொல்லிவிட்டார். ஆகவே நீங்கள் புதிதாக எதையும் சொல்லவில்லை, சாக்கடையைத் தவிர.

படகின் அடியில் தண்ணீர் எடுக்கும் ஓட்டைக்கு ஒரு கம்பித் தட்டு உண்டு. அது உடைந்திருப்பதை பாலாஜி பார்த்துச் சொன்னான். தட்டு சரியாக இருந்தால் மாலை உள்ளே போயிருக்காது. அதைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். புதுப் பம்பும் வீணில்லை. உபரியாக ஒன்று வேண்டும் என்று ஆபீசுக்கு நான் எத்தனையோ தடவை எழுதியும் வராதது, உங்கள் மாலையால் வந்தது.

தென்றல் ஜனவரி முதல் இஞ்சின் அறையில் நிரந்தரம். இன்று காலை சொன்னேன். சரி சார் என்று சொல்லிவிட்டு பம்பு அறைக்குப் போய் ரொம்ப நேரம் வரவில்லை.

என் வீட்டம்மாவுக்கு ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்ற ஆசை. ரூம் கிடைக்குமா என்று தெரிவிக்கவும்.

வேணு


திருவண்ணாமலை
27.12.2025

என் கண்ணு தென்றலுக்கு, அப்பாவின் முழு ஆசீர்வாதம்.

நீ கேப்டனிடம் முன்பே சொல்லிவிட்டாய் என்ற கடிதம் வந்த அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். உன் அம்மா, "என்னா, பத்து நாளா வேண்டா வெறுப்பா தின்னுட்டு, இன்னிக்கி மூணாவது தோசை கேக்கறீங்க?" என்றாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று கேப்டன் கடிதம் வந்தது. மத்தியானம் மோட்டாரைப் போட்டுவிட்டு, மொட்டை மாடித் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து பிரித்தேன். 'நிரந்தரம்' என்ற வார்த்தை வந்த இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேலே படிக்கவில்லை. உன் அம்மாவைப் போனில் கூப்பிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாலை, கூழ், தபாலாபீஸ், எல்லாம். அவள் கத்துவாள் என்று காதைத் தள்ளி வைத்துக்கொண்டேன். கத்தவில்லை. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "அப்ப இனிமே அங்கியே தானா?" என்றாள். ஆமாம் என்றேன். "அவ கேட்டது கெடச்சிடுச்சு இல்ல?" கிடைத்துவிட்டது என்றேன். "சரி, அப்ப அழாம போன வைங்க" என்றாள். நான் அழுகிறேன் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

பெற்ற பெண் வீட்டுக்குத் திரும்பி வராதது உறுதியானதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற அப்பனை இந்த ஊரில் வேறு எங்கும் பார்க்க முடியாது. இருக்கட்டும்.

கேப்டனுக்கு ரூம் உண்டு என்று எழுதிவிட்டேன். எந்தப் பௌர்ணமி என்று மட்டும் சொல்லச் சொல். குமரகுரு சாரிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் நேற்று அவர் இல்லை. கடிதத்தை மறுபடி மறுபடி படித்ததில் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன். டேங்க் ரொம்பி, மாடிப்படியில் அருவியாக இறங்கி, ரிசப்ஷனில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவரின் கணுக்கால் வரை போயிருக்கிறது. அங்கிருந்தே கத்தினார்: "யோவ் சகாதேவா! தண்ணி வழியுதுய்யா! மேல என்னய்யா பண்ற?"

"வழியட்டும் சார்" என்றேன்.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

உன் அப்பா
சகாதேவன்